முகர்ந்து பார்க்கும் இயந்திரம்



சந்தையில் மீன் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். கண் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். விரலால் அழுத்திப் பார்க்கிறோம். இவ்வளவு செய்த பிறகும் மனம் ஒப்பாமல், கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறோம். மூக்கு சரி என்று சொன்ன பிறகுதான் மீன் கூடைக்குள் போகிறது. முதல் நாள் வைத்த குழம்பானாலும், காலையில் பிழிந்த தேங்காய்ப்பாலானாலும், கடைசித் தீர்ப்பு மூக்கினுடையதுதான்.

இந்தத் தீர்ப்பை ஓர் இயந்திரம் சொல்லுமா? சொல்கிறது. அதற்கு மின்னணு மூக்கு என்று பெயர். அந்த மூக்கு எப்படி வேலை செய்கிறது, உணவின் தரத்தையும் வயதையும் அது எப்படிக் கண்டுபிடிக்கிறது, எந்த இடத்தில் அதை நம்பக்கூடாது என்பவற்றை இன்று பார்ப்போம்.

முதலில், இப்படி ஓர் இயந்திரம் எதற்கு? தமிழில் மணத்தைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. மீனில் கவிச்சி வீசுகிறது என்கிறோம். எண்ணெய் காறிப்போயிற்று, சாம்பார் ஊசிப்போயிற்று, அரிசியில் மக்கல் வாடை அடிக்கிறது என்கிறோம். மிளகாய் வறுத்தால் நெடி. பூவானால் மணம். 'நாற்றம்' என்ற சொல்கூடப் பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்ததுதான். பிற்காலத்தில்தான் அதன் பொருள் கெட்டது. இத்தனை சொற்கள் இருந்தும் ஒன்று மட்டும் நம்மிடம் இல்லை. அதுதான் அளவு. எண்ணெய் எவ்வளவு காறியிருக்கிறது என்று கேட்டால், 'கொஞ்சம்' என்போம். உங்கள் 'கொஞ்சமும்' அடுத்த வீட்டுக்காரரின் 'கொஞ்சமும்' ஒன்றாக இருப்பதில்லை. எடைக்குத் தராசு இருக்கிறது. காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. மணத்திற்கு மட்டும் நெடுங்காலம் அளவுகோல் எதுவும் இல்லாமலே இருந்தது.

மணம் என்றால் என்ன? பொருள்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் ஆவியாகப் பிரிந்து காற்றில் கலக்கின்றன. அவை மூக்கை வந்தடையும்போது நாம் மணத்தை உணர்கிறோம். சூடான காப்பி மணப்பதுபோல் ஆறிப்போன காப்பி மணப்பதில்லை. சூட்டில் ஆவி மிகுதியாக எழுவதே காரணம். காப்பி மணம் என்பது ஒரே பொருளின் மணம் என்று எண்ணிவிடாதீர்கள். வறுத்த காப்பியில் ஆவியாகக்கூடிய பொருள்கள் 800க்கும் மேல் இருப்பதாகக் கண்டறிந்திருக்கிறார்கள். அத்தனையும் சேர்ந்துதான் நாம் காப்பி மணம் என்று ஒரே சொல்லில் சொல்வது.

நம் மூக்கின் மேற்பகுதியில் இந்த மூலக்கூறுகளை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. மனிதனுக்கு அவற்றில் ஏறக்குறைய 400 வகைகள் உண்டு. ஆனால் நம்மால் பிரித்தறியக்கூடிய மணங்களோ அதைவிடப் பல மடங்கு அதிகம். 400 வகையைக் கொண்டு இது எப்படி முடிகிறது? தமிழில் உயிரும் மெய்யுமாக முதலெழுத்துகள் முப்பதுதான். ஆனால் அவற்றைச் சேர்த்துச் சேர்த்து எண்ணற்ற சொற்களை உண்டாக்குகிறோம் அல்லவா? மூக்கும் அப்படித்தான். ஓர் ஏற்பி பல பொருள்களுக்கு விடை தரும். ஒரு பொருள் பல ஏற்பிகளைத் தொடும். எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து விழித்துக்கொண்டன என்பதைப் பார்த்தே மூளை, 'இது மல்லிகை, இது கருவாடு' என்று முடிவு செய்கிறது. இந்த ஏற்பிகளுக்குரிய மரபணுக்களை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் என்னும் அமெரிக்க அறிவியலாளர் இருவர் 1991ஆம் ஆண்டில் கண்டறிந்து வெளியிட்டனர். அதற்காக 2004ஆம் ஆண்டில் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இனி இயந்திரத்திற்கு வருவோம். ஜப்பானில் வீடுகளில் சமையல் எரிவாயு கசிந்து விபத்துகள் நேர்ந்து வந்த காலம் அது. கசிவைக் கண்டுபிடிக்க, நவோயோஷி தகுச்சி என்பவர் வெள்ளீய ஆக்சைடைக் கொண்டு ஓர் உணரியைச் செய்தார். 1962ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை கோரினார். அது எரிவாயுவை மட்டுமன்றிச் சாராய ஆவியையும் வேறு பல ஆவிகளையும்கூட உணர்ந்தது. எது எதுவென்று அதனால் பிரித்துச் சொல்ல இயலவில்லை. இதைப் பெருங்குறை என்றே பலரும் எண்ணினர்.

அந்தக் குறையையே பயனாக மாற்றியவர்கள் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிருஷ்ணா பெர்சாட், ஜார்ஜ் டாட் ஆகிய இருவர். நம் மூக்கின் ஏற்பிகளும் ஒன்றை மட்டும் உணர்வன அல்லவே என்று அவர்கள் சிந்தித்தனர். சற்று வேறுபட்ட மூன்று உணரிகளைச் சேர்த்து வைத்து, அவற்றின் விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தனர். தனித்தனியே சொல்ல முடியாததை மூன்றும் சேர்ந்து சொல்லின. 1982ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் இதனை அவர்கள் வெளியிட்டனர். மின்னணு மூக்கின் பிறப்பு என்று அதைத்தான் குறிப்பிடுவார்கள்.

அந்த வெள்ளீய ஆக்சைடு உணரி எப்படி வேலை செய்கிறது? அதனை 200 முதல் 400 பாகை வரை சூடாக்கி வைத்திருப்பார்கள். காற்றிலுள்ள பிராணவாயு அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, மின்னணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் அதன் வழியே மின்சாரம் எளிதில் ஓடாது. அப்போது மீன் வாடையோ சாராய ஆவியோ வந்து சேர்ந்தால், அது அந்தப் பிராணவாயுவுடன் வினைபுரியும். பிடிபட்டிருந்த மின்னணுக்கள் விடுபடும். மின்சாரம் முன்னைவிட எளிதாக ஓடும். எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை அளந்தால் அதுவே ஓர் எண். சூட்டின் அளவை மாற்றியும், பல்லேடியம் போன்ற உலோகங்களைச் சிறிதளவு சேர்த்தும் ஒவ்வோர் உணரியின் 'ருசியையும்' மாற்றிவிடலாம். மின்சாரம் கடத்தும் ஒருவகைப் பிளாஸ்டிக்கிலும் உணரிகள் செய்கிறார்கள். அதிரும் படிகக்கல்லின் மேல் ஆவி படிந்து எடை கூடும்போது அதன் அதிர்வு குறைவதை அளக்கும் உணரிகளும் உண்டு. வழிகள் வேறானாலும் முடிவில் கிடைப்பது ஒரு வரிசை எண்கள்தாம்.

இந்த எண்களிலிருந்து பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? வகுப்பறையில் இதனை ஒரு விளையாட்டாகவே காட்டலாம். நான்கு மாணவர்களைக் கண்ணைக் கட்டி நிற்க வையுங்கள். ஒரு பொருளை முகரக் கொடுத்து, மணம் எவ்வளவு உறைக்கிறதோ அத்தனை விரல்களைக் காட்டச் சொல்லுங்கள். காப்பித்தூளுக்கு அவர்கள் 4, 1, 3, 0 என்று காட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எலுமிச்சைக்கு 0, 5, 1, 2. கருவாட்டுக்கு 1, 0, 5, 4. இந்த மூன்று வரிசைகளையும் கரும்பலகையில் எழுதிக்கொள்ளுங்கள். இதுதான் பழக்குதல்.

இப்போது பெயர் சொல்லாமல் ஒரு பொருளைக் கொடுங்கள். 4, 1, 2, 0 என்று விரல்கள் எழுகின்றன. காப்பியின் வரிசைக்கும் இதற்கும் ஒரே ஒரு விரல்தான் வேறுபாடு. எலுமிச்சையோடு ஒப்பிட்டால் 11 விரல் வேறுபாடு. கருவாட்டோடு ஒப்பிட்டாலும் 11. ஆகவே இது காப்பி. மின்னணு மூக்கோடு இணைந்த கணினி செய்வது, அடிப்படையில் இந்தக் கணக்கைத்தான். மாணவர்களுக்குப் பதில் உணரிகள்; கரும்பலகைக்குப் பதில் கணினியின் நினைவகம்.

விளையாட்டு இன்னும் முடியவில்லை. அடுத்ததாகப் பெலாச்சானைக் கொடுங்கள். கரும்பலகையில் பெலாச்சான் இல்லை. எழும் விரல்கள் கருவாட்டின் வரிசைக்கே நெருங்கியிருக்கும். 'கருவாடு' என்று தீர்ப்பாகிவிடும். பழக்கிக் கொடுக்காததை இயந்திரம் தானாக அறியாது என்ற பாடம் இங்கேயே கிடைத்துவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உண்மையான வேலைக்கு இந்த மூக்கு எப்படிப் போகிறது என்பதற்குத் தேயிலையைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. நம் கேமரன் மலையிலும் சரி, அஸ்ஸாமிலும் சரி, பறித்த கொழுந்தை முதலில் வாட்டுகிறார்கள். பிறகு கசக்கி முறுக்குகிறார்கள். அடுத்து அதனைப் பரப்பிக் காற்றாட விடுகிறார்கள். இதைத் தொழிற்சாலையில் புளிக்கவைத்தல் என்பது வழக்கமானாலும், உண்மையில் தழையிலுள்ள சத்துகள் பிராணவாயுவோடு சேரும் வினைதான் நடக்கிறது. பச்சை நிறம் செம்பு நிறமாகிறது. பச்சைத் தழை வாடை போய்த் தேயிலை மணம் வருகிறது. சரியான நேரத்தில் அதனை உலர்த்தும் சூளைக்கு அனுப்பிவிட வேண்டும். முந்திவிட்டால் தேநீர் பச்சை வாடையோடு துவர்க்கும். பிந்திவிட்டால் சாரமற்றுப் போகும். கொழுந்தின் தன்மையும் அன்றைய வெயிலும் மழையும் மாற மாற அந்த நேரமும் மாறும். கடிகாரத்தை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது.

அனுபவமுள்ளவர் ஒரு பிடி தழையை அள்ளி முகர்ந்து பார்ப்பார். தழை ஆறிக்கொண்டிருக்கும்போது மணம் ஒருமுறை உயர்ந்து தணியும். சற்று நேரத்தில் மறுமுறை உயரும். இவற்றை 'முதல் மூக்கு', 'இரண்டாம் மூக்கு' என்றே தொழில் தெரிந்தவர்கள் அழைக்கிறார்கள். இரண்டாவது உயர்வுதான் சூளைக்கு அனுப்பும் நேரம். கொல்கத்தாவிலுள்ள சி-டாக் என்னும் கணினி ஆய்வு மையமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து, தேயிலைக்கென்றே ஒரு மின்னணு மூக்கை உருவாக்கின. புளிக்கும் தழையின் மேல் எழும் ஆவியை அது விடாமல் உறிஞ்சி அளந்துகொண்டே இருந்தது. 2007ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில், வல்லுநரின் மூக்கு சொன்ன அந்த ஏற்ற இறக்கம் இயந்திரத்தின் வரைகோட்டிலும் தெரிவதைக் காட்டினார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. இயந்திரம் வந்துவிட்டால் அந்த மனிதருக்கு என்ன வேலை? மனித மூக்கு களைத்துப்போகும். ஒரே மணத்தில் நெடுநேரம் இருந்தால் அது உறைப்பதே இல்லை. சளி பிடித்தால் நின்றுபோகும். வயதாக ஆக மங்கும். 2020ஆம் ஆண்டில் கோவிட் தொற்று வந்தபோது எத்தனையோ பேர் திடீரென்று மணமே தெரியாமல் தவித்ததை நாம் கண்டோம். நள்ளிரவு வேலையிலும் மூன்றாம் நாள் மழையிலும் இயந்திரம் ஒரேபோல் உழைக்கும். ஆனால் எது நல்ல தேயிலை என்பதை அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார்? அந்த மனிதரின் மூக்குதான். கரும்பலகையில் எழுத்தை எழுதியவர் அவர். அவருடைய அறிவை எண்ணாக மாற்றி எடுத்துக்கொண்ட பிறகு, அவரை மறந்துவிடுவது நியாயமாகாது. கொழுந்து மாறும்போதும், புதுச் செடி நட்டபோதும் மீண்டும் பழக்கிக் கொடுக்க அவர் வேண்டும்.

அடுத்து மீன். கடல் மீனின் தசையில் இயற்கையாகவே மணமில்லாத ஒரு பொருள் இருக்கிறது. மீன் இறந்த பின் பாக்டீரியாக் கிருமிகள் அதனை டிரைமெத்தில் அமைன் என்னும் பொருளாக மாற்றுகின்றன. நாம் கவிச்சி என்று சொல்வதில் பெரும்பங்கு இதனுடையதே. நாள் செல்லச் செல்ல அம்மோனியாவும் கந்தக ஆவிகளும் சேர்ந்துகொள்ளும். மின்னணு மூக்கு இவற்றை அளந்து, மீன் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடும்.

வயது என்று சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இயந்திரம் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. பனிக்கட்டியில் இரண்டு நாள் இருந்த மீன் நன்றாகவே இருக்கலாம். நம் நாட்டு வெயிலில் அரை நாள் கிடந்த மீன் கெட்டுப்போயிருக்கலாம். முகர்ந்து பார்க்கும் இயந்திரம் பின்னதைத்தான் 'கிழடு' என்று சொல்லும். உணவுக்குப் பிறந்த நாள் ஒன்று, பட்ட பாடு ஒன்று. மூக்கு அறிவது இரண்டாவதைத்தான். நமக்கு வேண்டியதும் பெரும்பாலும் அதுதானே!

எண்ணெயிலும் இப்படியே. எண்ணெயிலுள்ள கொழுப்பு காற்றுப்பட்டுச் சிதையும்போது ஹெக்சனால் போன்ற ஆவிப்பொருள்கள் பிறக்கின்றன. காறல் வாடை இவற்றிலிருந்து வருவதே. செம்பனை எண்ணெயில் ஏறக்குறையப் பாதி, எளிதில் சிதையாத கொழுப்பு. ஆகவே அது பல எண்ணெய்களைவிடத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் ஒரே எண்ணெயில் திரும்பத் திரும்ப வடையும் வாழைப்பழமும் பொரித்தால் அதுவும் கெடத்தான் செய்யும். பழைய அரிசியில் வரும் மக்கல் வாடையிலும் இதே ஹெக்சனாலுக்குப் பங்குண்டு. ஆகவே அரிசி எவ்வளவு காலம் மூட்டையில் இருந்தது என்பதை ஊகிப்பதற்கும் ஆய்வாளர்கள் மின்னணு மூக்கைப் பயன்படுத்திப் பார்த்துள்ளனர்.

திராட்சை மது போன்ற பானங்களுக்கு வயது கூடினால் மதிப்பும் கூடும். அங்கே ஏமாற்றுக்கும் இடமுண்டு. அவற்றின் வயதை அறிவதற்கும் இந்த மூக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல். சாராய ஆவி மற்ற மணங்களையெல்லாம் மூழ்கடித்துவிடும். கூட்டம் கூச்சலிடும்போது அடுத்தவர் மெல்லப் பேசுவது கேட்காததுபோல, உணரிகளுக்கு மற்றவை கேட்பதில்லை. சாராயத்தை முன்னதாகப் பிரித்துவிட்டோ, அதற்கு அவ்வளவாக அசையாத உணரிகளைக் கொண்டோதான் அளக்க வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் வாழும் நேயர்களுக்கு ஒரு செய்தி. செம்பனை மரத்தின் அடித்தண்டை அழுகச் செய்யும் கானோடெர்மா என்னும் பூஞ்சை நோய் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியே அடையாளம் தெரிவதற்குள் மரத்தின் உள்ளே பாதி போய்விடும். அந்த நோயையும் மணத்தால் கண்டறிய முடியுமா என்று மலேசிய பெர்லிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்னணு மூக்கைக் கொண்டு ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். நோயுற்ற மரத்தையும் நல்ல மரத்தையும் இயந்திரம் பிரித்துக் காட்டியது.

இவ்வளவு சொன்ன பிறகு, குறைகளையும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. அந்த ஈரமே உணரியின் எண்ணை மாற்றிவிடும். மாதங்கள் செல்லச் செல்ல உணரிகள் தாமாகவே சற்று விலகிப்போகும். தராசுக்கு முத்திரை போடுவதுபோல் அவற்றையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். இவை கருவியின் குறைகள். நாளடைவில் திருத்திக்கொள்ளலாம்.

திருத்த முடியாத குறை ஒன்று உண்டு. மணமில்லாததை எந்த மூக்காலும் அறிய முடியாது, அது எலும்பாலும் தோலாலும் ஆன மூக்கானாலும் சரி, மின்னணு மூக்கானாலும் சரி. 1988ஆம் ஆண்டு அக்டோபரில் நம் பேராக் மாநிலத்தில் 13 குழந்தைகள் மாண்டுபோன துயரம் மூத்த நேயர்களுக்கு நினைவிருக்கும். 'லோ சீ ஃபன்' என்னும் ஒருவகை மீயைச் சாப்பிட்டவர்கள் அவர்கள். தானியத்தில் பூக்கும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு அவர்களின் கல்லீரலைக் கெடுத்தது என்று மருத்துவ ஆய்வுக் கட்டுரை பின்னர் தெரிவித்தது. அஃப்ளடாக்சினுக்கு மணமில்லை, சுவையும் இல்லை. பூஞ்சை பூத்த தானியத்தின் வாடையை இயந்திரம் பிடிக்கலாம். ஆனால் அந்த மாவு சமைத்து, மசாலை சேர்த்துத் தட்டில் வந்த பிறகு எந்த மூக்கு என்ன செய்யும்?

இத்தகைய ஆபத்து வேறு வடிவிலும் வருகிறது. கானாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களைப் பனிக்கட்டியின்றி வைத்திருந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் சேரும். மீன் பார்வைக்கும் மணத்திற்கும் நன்றாகவே இருக்கக்கூடும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரிக்கும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. காலையில் வடித்த சோற்றை மாலைவரை வெளியே வைத்திருந்தால், அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சும் அப்படியே. மணம் மாறாமலே இருக்கலாம். மீண்டும் சூடாக்கினாலும் போகாது. சால்மொனெல்லா கிருமி உள்ள கோழியும் கெட்ட வாடை வீச வேண்டும் என்பதில்லை.

ஆகவே நேயர்களே, 'மணத்தால் கெட்டது' என்றால் அது கெட்டதுதான், தயங்காமல் கொட்டிவிடுங்கள். ஆனால் 'மணத்தால் நல்லது' என்பது முழுச் சான்றிதழ் ஆகாது. இதுதான் இன்றைய பாடத்தின் சாரம். பெற்றோர் கையில் இருக்கும் காவல் மூன்று. மீனையும் இறைச்சியையும் வாங்கிய கையோடு குளிரில் வையுங்கள். சமைத்த சோற்றையும் தேங்காய்ப்பால் கறியையும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே விடாதீர்கள். பூஞ்சை பூத்த நிலக்கடலை, சோளம், அரிசி ஆகியவற்றைக் கழுவி வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று எண்ணாதீர்கள். வெயில் பூஞ்சையை உலர்த்தும், நஞ்சை எடுக்காது. காசு கொடுத்து வாங்கிய பொருளை எறிய மனம் வராதுதான். ஆனால் மருத்துவமனை வாசலில் நிற்கும்போது அந்தக் காசு நினைவுக்கு வராது.

மின்னணு மூக்கு பெரிய தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் நல்ல துணைவனாக இருக்கிறது. களைக்காமல் உழைக்கிறது, சொன்னதையே மாற்றாமல் சொல்கிறது. ஆனால் அதற்கு அறிவைக் கொடுத்தது, ஒரு பிடி தழையை அள்ளி முகர்ந்த தொழிலாளியின் மூக்கும், சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்த்த தாய்மாரின் அனுபவமும்தான். அந்த அனுபவத்தோடு, மூக்குக்கு எட்டாததை அறியும் அறிவியலும் நம் பிள்ளைகளுக்குச் சேர்ந்து கிடைக்க வேண்டும்.